பரம்பரைப் பாடகர், அல் கூஸ் கேம்ப்

வளைகுடாவில் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பல வகை தேறும். வந்து இறங்கிய மறுவாரமே அரபியில் சண்டை போடத் தொடங்குகிறவர் ஒரு வகை. பத்து வருடமாக ‘இந்தக் கான்ட்ராக்ட்டோட கலாஸ், முடிச்சாச்சு, ஊர்ல கோழிப்பண்ணை’ என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் இன்னொரு வகை. அவர்களைப் பற்றி வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். எனக்கு விவரமாகத் தெரிந்த வகை ஒன்றே ஒன்றுதான். பரம்பரைப் பாடகர்.

பன்னிரண்டு பேர் படுக்கும் ரூமில் இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். குவைத்தில் மங்காஃப் பக்கம் ஒருவர் இருந்தார். ரியாத்தில் பத்தா கடைவீதிப் பக்கம் இரண்டு பேர் இருந்து, கடைசியில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதாகக் கேள்வி. இவரை அடையாளம் காண்பது மிகச் சுலபம். ஜூலை மாதத்தில், சைட்டில் கம்பியைத் தொட்டால் கை பொரிகிற வெயிலில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எல்லாரும் ஐஸ் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும்போது தான் மட்டும் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு, ‘தொண்டையப் பாத்துக்கணும்ல’ என்று யாரும் கேட்காமலே ஒருவர் சொல்கிறாரா? அவரேதான்.

பாடச் சொன்னால் பாட மாட்டார். ‘வேணாம்ப்பா, சிமென்ட் தூசி அடைச்சுக் கெடக்கு’ என்பார். மறுபடி கேட்டால், ‘ஏசி காத்துல சுருதி நிக்காது’ என்பார். மூன்றாம் தரம், ‘நமக்கு என்ன தெரியும், எல்லாம் பெரியவுகளோட போச்சு’ என்று பெருமூச்சு விடுவார். நான்காம் தரமும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். கேட்டுவிட்டாலோ, ஒரு கையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதன்பின் அவரை நிறுத்துவதற்கு மனிதர்கள் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. பாத்ரூமில் எதிரொலி எடுப்பாக இருக்கிறது என்று, காலையில் டூட்டி பஸ் வருகிற நேரம் பார்த்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார். வெளியே பதினொரு பேர் வாளியும் கையுமாக நிற்பார்கள். கதவைத் திறந்து, ‘எப்படி இருந்துச்சு?’ என்று அந்தப் பதினொரு பேரையும் பார்த்துக் கேட்பார். ஒருநாள் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

பிறகு அந்தப் பரம்பரை. மற்றவர்களுடைய பரம்பரை பிள்ளை, பேரன் என்று முன்னால் போகும். இவருடையது பின்னால் வளரும். வந்த புதிதில் அப்பா கொஞ்சம் பாடுவார். ஆறு மாதத்தில் தாத்தா ஜமீனில் பாடியவராகிவிடுவார். முதல் லீவு முடிந்து திரும்பும்போது ஏழு தலைமுறை சேர்ந்திருக்கும். அதில் ஒருவருக்கு ராஜா யானையே பரிசாகக் கொடுத்திருப்பார். அந்த யானை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கக் கூடாது.

யாரைச் சொல்கிறேன் என்று மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடியேனைத்தான். பெயர் வைரவன், வேலை கம்பி கட்டுவது, இருப்பு துபாய் அல் கூஸ் கேம்ப், ரூம் நம்பர் ஒன்பது.

உள்ளதைச் சொன்னால், மாட்டுவண்டி ஓட்டிய என் அப்பா ஆயுசுக்கும் ஒரு வரி முணுமுணுத்தது கிடையாது. பாடியது எங்கம்மா கருப்பாயி. சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊரைச் சுற்றி ஏழெட்டு ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கொட்டுக்காரருக்கு ஆள் போகும் முன்பே அம்மாவுக்கு ஆள் வந்துவிடும். அவள் போய் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாளானால், செத்தவர்மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தவன்கூட துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுவான். எனக்குக் குரல் என்று ஏதாவது இருந்தால் அது அவள் கொடுத்ததுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பயல்கள் என்னைக் கண்டாலே நெஞ்சில் அடித்துக்கொண்டு ராகம் இழுப்பார்கள். அந்த வெட்கம் போகவே இல்லை. துபாய்க்கு வந்ததும் அம்மாவை ஒரேயடியாக மறைத்துவிட்டு, பாடாத அப்பா வழியில் ஏழு தலைமுறையை உண்டாக்கினேன். அம்மா என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், ‘வீட்ல சும்மாதான் இருக்காக’ என்பேன்.

போன வருடம், எண்பத்து மூன்றில் நடந்தது இது. எங்கள் கேம்பில் பாதிப் பேர் ஊருக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கேசட்டில் பேசிப் பதிந்து, லீவில் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் ஊரில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும், பதிலுக்கு ஒரு கேசட் பேசி அனுப்பும். ‘நா நல்லாருக்கேன், நீங்க நல்லாருக்கீகளா’ என்பதற்கே ஒரு மணி நேரக் கேசட் என்றால், ஏழு தலைமுறைப் பாட்டுக்கு ஒரு கேசட் போடக் கூடாதா? பன்னிரண்டு தெம்மாங்குப் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். தேரா கடைவீதியில் ஒரு ஸ்டுடியோவில் அட்டைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அங்கே மைக் இல்லை என்றதால் கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டேன். கேசட்டுக்குப் பெயர் ‘வைரவன் தெம்மாங்கு, பாகம் ஒன்று’. பாகம் இரண்டு எப்போது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஒலிப்பதிவு எங்கள் ஸ்டோர் கீப்பர் மார்க்கண்டு. யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு கேசட் போட்டு ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பதியும் பெரிய டேப் ரெக்கார்டர் அவரிடம்தான் இருந்தது. அதற்குப் பூ வேலை செய்த உறை போட்டு வைத்திருந்தார், அவரைத் தவிர யாரும் பட்டனைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை, டூட்டி இல்லாத நாள், மத்தியானம் பிரியாணி முடிந்த கையோடு என் கட்டிலைச் சுற்றி நாலு கம்பளியைத் தொங்கவிட்டு உள்ளே புகுந்துகொண்டேன். ஏசி சத்தம் பதிந்துவிடும் என்று ஏசியை நிறுத்தச் சொன்னேன்.

‘‘தம்பி, ஏசிய நிப்பாட்டினா பாட்டு நல்லா வரும். கேக்கிறதுக்குத்தான் ஆக்கள் மிஞ்ச மாட்டினம்’’ என்றார் மார்க்கண்டு.

பத்துப் பேர் வராந்தாவுக்கு ஓடிவிட்டார்கள். நான் கம்பளிக்குள் வெந்துகொண்டே பன்னிரண்டு பாட்டையும் பாடி முடித்தேன். மறுவாரம் அதைத் தேராவில் கேசட் கடை வைத்திருந்த மீரா சாகிப்பிடம் கொண்டுபோனேன். கீழக்கரைக்காரர், மரியாதையானவர். முதல் பாட்டில் பாதியைக் கேட்டார். ஓட்டிவிட்டு ஐந்தாம் பாட்டில் கால்வாசி கேட்டார். பிறகு கேசட்டை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

‘‘கேசட்டு நல்ல கேசட்டு தம்பி. எங்க வாங்குனீங்க?’’ என்றார்.

இதையும் நான் ரூமில் வந்து, ‘மீரா சாகிப்பே நல்லாருக்குன்னு சொன்னாரு’ என்றுதான் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லையே.

அந்த நிலைமையில்தான் மாயாண்டிக்குத் தந்தி வந்தது. மாயாண்டி எனக்குப் பக்கத்து ஊர்க்காரன், பக்கத்துக் கட்டில்காரன். அதிகம் பேசாத ஆள். அவன் அப்பா இறந்துபோனார். தந்தி கம்பெனி ஆபீஸில் ஒருநாள் கிடந்து இவன் கைக்கு வரும்போது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. லீவு கேட்டுப் போனான். கான்ட்ராக்ட் முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது, லீவு மாஃபி, கிடையாது என்றுவிட்டார்கள். பாஸ்போர்ட், விசா கொடுத்த கபீலின் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் அழவில்லை. மறுநாள் டூட்டிக்குப் போனான். அன்றும் அழவில்லை. சாப்பிட்டான், துணி துவைத்தான். எங்களுக்குத்தான் அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள், ரூமில் எல்லாரும் இருக்கும்போது என்னிடம் வந்தான்.

‘‘அண்ணே, ஒரு ஒதவி வேணும். ஊரார் அழுதாலும், எங்க வீட்டு ஆளா ஒப்பாரி வைக்க ஒரு பொம்பள இல்ல. ஆத்தா போயி நாலு வருசமாச்சு, கூடப் பொறந்ததும் இல்ல. கொள்ளியும் சித்தப்பன்தான் வச்சிருக்காரு. எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. எனக்குப் பதிலா நீ ஒரு கேசட்டுல பாடிக் குடு. பதினாறாம் நாள் கருமாதில போடச் சொல்றேன்.’’

‘‘ஒப்பாரியா? நம்ம பரம்பரைல அதெல்லாம்...’’ என்று இழுத்தேன்.

‘‘கருப்பாயி ஆத்தா பாடி நா கேட்டிருக்கேன்ணே. எங்காத்தா செத்தப்ப வந்து பாடுச்சு. நீ வீட்ல சும்மாருக்காகன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. ஏதோ காரணம் இருக்கும்னு நானும் இத்தன நாள் வாயத் தெறக்கல.’’

ரூமே என்னைப் பார்த்தது. மார்க்கண்டு டேப் ரெக்கார்டரைத் துடைக்கிறாற்போலக் குனிந்துகொண்டார். யானை உட்பட ஏழு தலைமுறையும் ஒரே நொடியில் காலி. மறுக்க முடியுமா? சரி என்றேன். ஆனால், வாசகரே, அந்த நேரத்திலும் என் மூளையின் ஒரு மூலை என்ன நினைத்தது தெரியுமா? இந்தக் கேசட்டை ஊரே கேட்கும் என்று நினைத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மறுபடியும் கம்பளி, மறுபடியும் ஏசி நிறுத்தம். இந்தத் தடவை ஒருவரும் வராந்தாவுக்குப் போகவில்லை. முதலில் மாயாண்டி இரண்டு வார்த்தை பேசினான். ‘‘சித்தப்பா, பாஸ்போட்டு பூட்டுக்குள்ள இருக்கு. அப்பாகிட்ட நா வந்து சேர முடியலன்னு சொல்லுங்க.’’ அவ்வளவுதான். அப்புறம் நான்.

எனக்கு முழுதாகத் தெரிந்த ஒப்பாரி ஒன்றுதான். என் அப்பா செத்த அன்று அம்மா பாடியது. அவள் குரலில், அவள் எடுத்த உச்சத்தில்தான் அது எனக்குள் இருந்தது. அதனால் நானும் குரலை மேலே தூக்கி அவளைப் போலவே பாடினேன்.

கூடப் பொழச்ச மச்சான்
கூப்புட்டும் வாராம
மஞ்சக் கயித்தக் கழட்டி
மடியில வச்சுப் போனீகளே

அருமையாக வந்தது. ‘மடியில’ என்ற இடத்தில் நானாக ஒரு வளைவு போட்டேன். போன தடவை பன்னிரண்டு பாட்டிலும் வராத சங்கதி, இப்போது தானாக வந்து விழுந்தது. மற்ற எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். மார்க்கண்டுகூடக் கண்ணாடியைக் கழற்றினார். மாயாண்டி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடி முடித்ததும் விடுவேனா? தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘‘பாடியவர் வைரவன், அல் கூஸ், துபாய். ஒலிப்பதிவு மார்க்கண்டு. நன்றி, வணக்கம்’’ என்று சேர்த்தேன். ஒப்பாரிக்குக் கீழே நன்றி வணக்கம் சொன்ன ஆள் தமிழ்நாட்டு வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

சமையல்காரர் நெய்னா முகம்மது மறுநாள் லீவில் போனார். அவர் கையில் கேசட் போயிற்று. அவர் திரும்பி வரும்வரை இரண்டு மாதம் நான் கேம்பில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ‘நம்ம கேசட்டு ஊர்ல வெளியாயிருச்சு’ என்று மற்ற ரூம்களுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். துக்கக் கேசட் என்பதைச் சொல்ல ஏனோ மறந்துவிட்டது.

நெய்னா முகம்மது பதில் கேசட்டோடு வந்தார். மாயாண்டியின் சித்தப்பா கருமாதி முழுவதையும் பதிந்து அனுப்பியிருந்தார்.

‘‘போட்டுக் கேளுங்க. நா ஒண்ணும் சொல்லல’’ என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

ரூம் கூடியது. மார்க்கண்டு பட்டனை அழுத்தினார். ரேடியோ செட் வைத்து, பந்தலில் குழாய் கட்டி, என் கேசட்டை ஊருக்கே போட்டிருந்தார்கள். துபாய்க் கேசட்டைச் சும்மா கேட்டால் சித்தப்பாவின் கௌரவம் என்ன ஆவது? மாயாண்டி பேசியது கேட்டது. அடுத்து என் குரல், குழாயில் புகுந்து இன்னும் மெலிந்து கிறீச்சென்று வந்தது. எல்லாரும் கேட்க வேண்டும் என்று கையமர்த்தினேன். ‘மச்சான்’ வந்தது. ‘மஞ்சக் கயிறு’ வந்தது. பந்தலில் ஒரு சலசலப்பு. அழுகிறார்கள் என்று நினைத்து நான் தலையை ஆட்டினேன்.

‘‘யார்றா இந்தப் பொம்பள?’’ என்றது ஒரு குரல்.

‘‘நிப்பாட்டுறா. மஞ்சக் கயித்தக் கழட்டுறாளே, எங்கண்ணன் எப்படா இவளுக்குக் கட்டுனாரு?’’ இது சித்தப்பா.

‘‘மாயாண்டி குரலும் இதுல இருக்கே. அப்ப அவ துபாயிலதான் இருக்கா.’’

‘‘பயல அக்கரைக்கு அனுப்புனதே இவளப் பாத்துக்கத்தான் போலருக்கு.’’

‘‘அப்ப கம்மாக்கரை நெலத்துல அவளுக்கும் பங்கு வருமா?’’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் அப்பனுக்கு அழ வேண்டிய இடத்தில் நான் பெண்டாட்டி புருஷனுக்கு அழுகிற ஒப்பாரியைப் பாடி அனுப்பியிருக்கிறேன். ஜில்லா எல்லை தாண்டாத ஒரு மனுஷனுக்கு, கட்டையில் போன பதினாறாம் நாள், துபாயில் ஒரு இரண்டாம் தாரத்தை உண்டாக்கி வைத்திருக்கிறேன். சங்கதி போட்டதில் எனக்கு வார்த்தை காதில் விழவில்லை. என் பெயர் கடைசியில் இருந்தது, அதுவரை யாரும் கேட்கவும் இல்லை. பாடகருக்கு இதைவிட என்ன கேடு வர வேண்டும்?

மாயாண்டியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவன் அப்பாவின் பெயர் குழாயில் நாறிக்கொண்டிருந்தது.

அந்தக் கூச்சலுக்குள் இன்னொரு குரல் எழுந்தது.

‘‘சத்தம் போடாதீகப்பா. அது பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்மகன் வைரவன். அவுக அப்பன் செத்தன்னைக்கு நா அழுத அழுகை அது. எங்கேருந்தோ கேட்டு, அப்படியே களவாண்டு வச்சிருக்கான் கூறுகெட்ட பய. செத்த மனுசன் மேல பழி போடாதீக. ஒரு செம்பு தண்ணி குடுங்க.’’

சிரிப்பு எழுந்து அடங்கியது. தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு எங்கம்மா பாடினாள்.

கடல் தாண்டிப் போன மகன்
காடு வர வரலையேப்பா
பாஸ்போட்டு பூட்டுக்குள்ள
பாவி உசுரு உங்க கிட்ட
கொள்ளிக்கு நா கெடைக்கலேன்னு
கோவிச்சுக்கிட்டுப் போகாதீக

துபாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. மாயாண்டி கேசட்டில் பேசிய இரண்டே வார்த்தையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே அவனாகி உட்கார்ந்து அழுதாள். அவன் அப்பாவுக்குக் கம்மாயில் மீன் பிடிக்கத் தெரியும், அது பாட்டில் வந்தது. மகனை பஸ் ஏற்றிவிட்டு ஊருக்கு நடந்தே திரும்பினாராம், அதுவும் வந்தது. எனக்கே தெரியாத விஷயங்கள். ஒரு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து நான் ஒன்றைக்கூட அவனிடம் கேட்டதில்லை.

மாயாண்டி அழுதான். இரண்டு மாதமாக வராத அழுகை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘‘அப்பா, அப்பா’’ என்று அழுதான். யாரும் தேற்றப் போகவில்லை. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? பொறாமை. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

பாட்டு முடிந்து, கேசட்டின் கடைசியில் எனக்கும் ஒரு வார்த்தை இருந்தது. ‘‘வைரவா, ஊருக்கெல்லாம் அழுதேன்டா. உங்கப்பனுக்குன்னு நா வச்சிருந்தது அது ஒண்ணுதான். அதக் குழாயில போட்டுட்டியே.’’ திட்டினால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தரும் பகுதி இல்லை. மார்க்கண்டுவின் இரண்டு கேசட் மெஷின் ஒரு வாரம் ஓயவில்லை. பக்கத்து கேம்பில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், அம்மா செத்து வீடு போக முடியாதவர், கேட்டுவிட்டு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். ஒன்று மீரா சாகிப் கடைக்கும் போயிற்று. இந்தத் தடவை அவர் ஓட்டவில்லை. கடையில் ஓடிக்கொண்டிருந்த மற்றப் பாட்டை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

‘‘யாரு தம்பி இவங்க?’’ என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொண்டையில் நின்ற வார்த்தை. ‘‘எங்கம்மா’’ என்றேன்.

இப்போது ஷார்ஜாவிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அப்பன் செத்தவன், அக்கா செத்தவன், லீவு கிடைக்காதவன். அவர்கள் சொல்வதை நான் எழுதி ஊருக்கு அனுப்புகிறேன். யார் செத்தது, என்ன உறவு, என்ன பிரியமாகச் சாப்பிடுவார், கடைசியாக உன்னிடம் என்ன கேட்டார். அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பாடிப் பதிந்து அனுப்புகிறாள். எங்கள் பரம்பரையில் ஒருவர் உண்மையாகவே ரெக்கார்டிங் பாடகர் ஆகிவிட்டார். நான் அவருக்குக் குமாஸ்தா. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் ஒரு கேசட் அட்டையில், ‘பாடியவர் கருப்பாயி’ என்று எழுதிவிட்டு, கை சும்மா இருக்காமல், ‘விவரம் சேகரித்தவர் வைரவன்’ என்று கீழே எழுதினேன். மாயாண்டி பிளேடால் சுரண்டி எடுத்தான்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் பாடுகிறவர் இல்லை, அதனால் இந்த வகையில் வர மாட்டீர்கள் என்ற தைரியம். கடைசியாகப் போன துக்க வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்க’ என்று யாரோ சொல்ல, வேண்டாம் வேண்டாம் என்று எழுந்தீர்கள். அவருக்கும் உங்களுக்கும் எத்தனை வருடப் பழக்கம் என்று சொன்னீர்கள். ஒரு கஷ்ட காலத்தில் அவருக்கு நீங்கள் செய்த உதவியை, சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே சொன்னீர்கள். சரியான இடத்தில் குரல் கம்மியது. எல்லாம் சரி, உட்கார்ந்த பிறகு, ‘எப்படி இருந்தது?’ என்று பக்கத்து ஆளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்திருந்தால், அண்ணே, நீங்களும் நம்ம பரம்பரைதான்.